டீசல் எஞ்சினில் புகை வெப்பமானியின் புரோப்பைப் பொருத்தும் முறை

யாழ்ப்பாணக் குடாநாடு ஏற்ற இறக்கமற்ற சமதரை என்பதால், இங்குள்ள டீசல் வாகனங்களுக்கு எஞ்சின் சூட்டைப் பற்றிய கவலை தேவையில்லை என்று எண்ணுவோர் பலர். ஆனால், சோளகம் வீசும் மாதங்களில் வெங்காய மூடைகளை ஏற்றிய லொறி ஆனையிறவு வெளியைக் கடந்து ஏ9 வீதியில் தெற்கு நோக்கிச் செல்லும்போது, காற்றைத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் அக்சிலேற்றரை முழுதாக அழுத்தியபடியே ஓட வேண்டியிருக்கிறது. அதே லொறி மாத்தளையைத் தாண்டிக் கண்டிக்கு ஏறும்போது சுமை இன்னும் கூடுகிறது. இவ்வளவு நேரமும் டாஷ்போர்டிலுள்ள தண்ணீர்ச் சூட்டு மீற்றரின் முள் நடுவிலேயே நிற்கும். தேர்மோஸ்டற் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால், எரியறைக்குள் நடப்பதை அந்த முள் மிகவும் பிந்தியே சொல்லும். சில வேளைகளில் சொல்லாமலே விட்டுவிடும்.

டீசல் எஞ்சினில் காற்றின் அளவு மாறாமல் எரிபொருள் கூடினால், எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பம் கூடும். காற்றுக்கு எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும் பெற்றோல் எஞ்சினின் இயல்புக்கு இது நேர்மாறானது. அலுமினியம் உருகும் வெப்பநிலை 660 பாகை செல்சியஸ். பிஸ்டன் வார்க்கப்படும் அலுமினியக் கலவைகள் அதற்கும் குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். பிஸ்டன் தப்பியிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு சுற்றிலும் எரிவாயு அதைத் தொடும் நேரம் மிகக் குறுகியதாக இருப்பதும், உள்ளே வரும் குளிர்ந்த காற்றும் அடியில் படும் ஒயிலும் அதை ஆற்றிவிடுவதுமே. அந்தச் சமநிலை குலையத் தொடங்கும்போது முதலில் காட்டிக்கொடுப்பது புகையின் வெப்பநிலைதான். அதுவும் சில விநாடிகளுக்குள் காட்டிவிடும். புகைக்குள் நுழைந்து நிற்கும் புரோப்பும், அது உணரும் சூட்டைச் சாரதிக்குக் காட்டும் மீற்றரும் சேர்ந்ததே புகை வெப்பமானி.

எல்லா வாகனங்களுக்கும் இந்தப் புகை வெப்பமானி வேண்டியதில்லை. புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இல்லாத, டீசல் பம்பில் எவரும் கைவைக்காத, பட்டா எனப்படும் சிறிய பார வாகனத்துக்கு இந்தச் செலவு வீண். பின்னர் டர்போ பூட்டிய வான், எரிபொருள் அளவைக் கூட்டிய பிக்கப், கொழும்புக்கு மீன் கொண்டுபோகும் கூலர் லொறி ஆகியவற்றுக்கே இது உண்மையில் பயன்படும். உத்தரவாதக் காலம் முடியாத புதிய வாகனமாயின், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மனிபோல்டில் துளை போடுவதற்கு முன் முகவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மீற்றரையும் புரோப்பையும் வாங்கும்போது

புரோப் என்பது ஒரு வெப்பவிணை. இரு வேறு உலோகக் கம்பிகள் நுனியில் ஒட்டப்பட்டு, உருக்கு உறையொன்றினுள் அடைக்கப்பட்டிருக்கும். நுனிக்கும் மறுமுனைக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாட்டுக்கு ஏற்ப ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். புகை வெப்பத்துக்குப் பெரும்பாலும் பயன்படுவது கே வகை. அதன் ஒரு கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்தது. மற்றது நிக்கலும் அலுமினியமும் கலந்தது. ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 41 மைக்குரோவோல்ட் மட்டுமே கிடைப்பதால், வயர் வேலையில் நடக்கும் சிறு கவனக்குறைவும் மீற்றரில் பெரிய பொய்யாகத் தோன்றும். மீற்றரே இல்லாத சாரதி எச்சரிக்கையோடு ஓடுவார். பொய் சொல்லும் மீற்றரை நம்புபவர் எஞ்சினைக் கருக்கிவிடுவார்.

ஸ்டான்லி வீதிக் கடைகளிலோ இணையத்திலோ வாங்குவதற்கு முன் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, மீற்றர் 12 வோல்டுக்கா 24 வோல்டுக்கா என்பது. வான், பிக்கப் போன்றவற்றில் 12 வோல்டும், பஸ்களிலும் பெரிய லொறிகளிலும் 24 வோல்டும் இருக்கும். 12 வோல்ட் மீற்றரை 24 வோல்டில் கொடுத்தால் அது அந்த நிமிடமே போய்விடும். இரண்டாவது, முகப்பு செல்சியஸிலா பாரன்ஹைட்டிலா என்பது. அமெரிக்க மீற்றர்களில் 1300 என்று காட்டுவது நமது 704 பாகை. மூன்றாவது, புரோப்பின் தடிப்பு. 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள மூடிய உறை நீண்டகாலம் உழைக்கும், ஆனால் சற்றுத் தாமதித்துக் காட்டும். 3 மில்லிமீற்றர் உறை விரைவாகக் காட்டும், ஆனால் அதிர்வுக்கு அவ்வளவு தாங்காது. நமது வீதிகளின் குலுக்கலை நினைத்து, நான் தடித்ததையே பரிந்துரைப்பேன்.

பொருத்துவதற்கு முன்னரே புரோப்பைச் சோதித்துவிட வேண்டும். மல்டிமீற்றரை மில்லிவோல்டில் வைத்து, அறை வெப்பநிலை 30 பாகையாக உள்ள நேரத்தில் புரோப்பின் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் அமிழ்த்தினால், ஏறத்தாழ 2.9 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் இங்கே தண்ணீர் 100 பாகையிலேயே கொதிக்கும். கணக்கில் எந்தத் திருத்தமும் செய்யத் தேவையில்லை. முள் மீற்றர் பலவற்றில் அளவு 100 அல்லது 200 பாகையிலிருந்தே தொடங்குவதால், இந்தச் சோதனைக்கு மீற்றரை நம்பாமல் மல்டிமீற்றரையே நம்ப வேண்டும்.

எந்த இடத்தில் துளைப்பது

டர்போ உள்ள எஞ்சினில் புரோப் டர்போவுக்கு முன்னால், எக்சோஸ்ட் மனிபோல்டில் எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேரும் இடத்தில், டர்போ பூட்டப்படும் விளிம்பான பிளாஞ்சிலிருந்து 25 முதல் 50 மில்லிமீற்றர் தள்ளி அமைய வேண்டும். ஒரு சிலிண்டரின் கிளையில் பொருத்தினால் அந்தச் சிலிண்டரின் சூடு மட்டுமே தெரியும். சில மனிபோல்டுகளின் உட்புறம் நடுச்சுவரால் இரு பாதைகளாகப் பிரிந்திருக்கும். அவற்றில் எந்தப் பாதையில் துளைத்தாலும் பாதிச் சிலிண்டர்களையே அளக்க முடியும் என்பதை மனதில் வைத்து, அதிகம் சூடேறும் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புகையைத் திருப்பி உள்ளெடுக்கும் ஈ.ஜீ.ஆர். வாயிலுக்கு அருகிலும் துளைக்கக் கூடாது.

டர்போவுக்குப் பின்னால் பொருத்துவதே பாதுகாப்பு என்று சொல்லும் மெக்கானிக்மாரும் உண்டு. புரோப்பின் நுனி உடைந்தால் அது டர்போவின் இறக்கைகளில் போய் அடிக்கும் என்பது அவர்களின் அச்சம். தரங்குறைந்த புரோப்புகளைப் பொறுத்தவரை அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் புகை டர்போவைச் சுழற்றும்போது வெப்பத்தை இழந்துவிடுகிறது. பாரம் இழுக்கும்போது அந்த இழப்பு 100 பாகையிலிருந்து 200 பாகை வரை இருக்கலாம். வெறுமனே ஓடும்போது மிகக் குறைவு. இழப்பு ஒரே அளவாக இல்லாததால், பின்னால் காட்டும் எண்ணோடு ஏதோவொரு தொகையைக் கூட்டி முன்னாலுள்ள வெப்பத்தைக் கணிக்க இயலாது. ஆகவே நல்ல புரோப்பை வாங்கி முன்னால் பொருத்துவதே என் முடிவு.

துளையிடும் இடத்தில் சுவர் குறைந்தது 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தால்தான் மரை பிடிக்கும். வார்ப்பில் தடித்துப் புடைத்திருக்கும் இடம் ஏதாவது இருந்தால் அதுவே நல்லது. பிறேக் ஹோஸ், டீசல் குழாய், ஸ்டாட்டர் வயர் ஆகியவை அருகில் இருக்கக் கூடாது. வேலை முடிந்தபின் ஸ்பானர் போடவும் இடம் வேண்டும். சீற்றுக்குக் கீழே எஞ்சின் உள்ள வான்களில் இந்தக் கடைசி நிபந்தனைதான் பெரும்பாடு.

டர்போ இல்லாத எஞ்சினில், மனிபோல்டை விட்டுப் புகை வெளியேறும் உருக்குக் குழாயில், பிளாஞ்சிலிருந்து 50 முதல் 100 மில்லிமீற்றருக்குள் பொருத்தலாம். குழாய் மெல்லியதாகையால், கடைச்சல் பட்டறையில் சிறிய உருக்குப் புஷ் ஒன்றைக் கடைந்தெடுத்து அதில் வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்கின் சூட்டில் மரை கோணிவிடும் என்பதால், ஒட்டிய பின் ஒருமுறை, மரை வெட்டும் கருவியான ரப்பை உள்ளே ஓட்டி மரையைச் சீராக்க வேண்டும். வெல்டிங் தொடங்குவதற்கு முன் பற்றரியின் இரு வயர்களையும் கழற்றிவிட வேண்டும். வார்ப்பிரும்பு மனிபோல்டில் புஷ் ஒட்டுவதை எவர் சொன்னாலும் ஏற்கக் கூடாது. சூடேறி ஆறும்போது ஒட்டின் ஓரத்தில் வெடிப்பு விழும்.

மனிபோல்டைக் கழற்றுவதா, இருந்த இடத்திலேயே துளைப்பதா

கழற்றித்தான் துளைக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. சிறிய டர்போவின் சில்லு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் ஓர் இரும்புத் துருவல் இறக்கையில் பட்டால், அதன் ஓரம் சிதைந்து சமநிலை கெடும். பிறகு பேரிங் போகும். ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தி ஒரு டர்போவை இழப்பது எந்தக் கணக்கிலும் இலாபமல்ல. முழு மனிபோல்டையும் கழற்ற வசதியில்லாவிட்டால், டர்போவை மட்டுமாவது பிரித்து வைத்துவிட்டு, மனிபோல்டின் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு துளைக்கலாம்.

கடற்காற்றும் மீன் லொறிகளில் வடியும் உப்புத் தண்ணீரும் மனிபோல்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் ஸ்ரட்டுகளைத் துருவால் இறுக்கி வைத்திருக்கும். முதல்நாள் மாலையே துரு இளக்கும் ஒயிலை விட்டு ஊறவைத்து, மறுநாள் காலையில் சற்று இறுக்கிப் பார்த்த பின்னரே இளக்க வேண்டும். அசையாத நட்டை நீண்ட கம்பி கொடுத்து நெம்புவதை விட, காஸ் சுவாலையால் நட்டை மட்டும் சிவக்கக் காய்ச்சித் திருகுவதே பாதுகாப்பானது. அப்போது அருகில் ஒயிலோ டீசலோ சிந்தியிருக்கக் கூடாது, தீயணைக்கும் கருவியோ மண்வாளியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திரும்பப் பூட்டுவதற்குப் புதிய கஸ்கட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேறு வழியின்றி இருந்த இடத்திலேயே துளைப்பவர்கள், டிறில் பிற்றின் பள்ளங்களிலும் ரப்பின் பற்களிலும் தடிப்பாகக் கிறீஸ் பூசி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் பூசி வேலை செய்ய வேண்டும். துருவலின் பெரும்பகுதி கிறீஸில் ஒட்டிக்கொள்ளும். சுவர் ஊடறுக்கும் தறுவாயில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அக்சிலேற்றரை அழுத்தாமல் ஐடிலில் விட்டால், உள்ளிருந்து வரும் புகையின் அழுத்தம் துருவலை வெளியே தள்ளும்; சூடான துருவல் முகத்தை நோக்கியே பறக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் குனியக் கூடாது. முடிவில் மெல்லிய காந்தக் கம்பியொன்றைத் துளையினுள் விட்டு எல்லாப் பக்கமும் தடவி எடுக்க வேண்டும்.

துளையும் மரையும்

புரோப்பைத் துளையில் பிடித்து வைக்கும் பிற்றிங், பெரும்பாலும் அரைக்கால் அங்குல என்.பி.ரி. எனும் அமெரிக்கக் குழாய் மரையோடு வரும். அரைக்கால் என்பது பெயரளவுதான். மரையின் வெளி விட்டம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். இதில் நமது ஊரில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர்க் குழாய் வேலைக்காக இங்கே புழங்கும் ரப்புகள் பி.எஸ்.பி. எனும் பிரித்தானியக் குழாய் மரைக்குரியவை. என்.பி.ரி. மரையில் ஓர் அங்குலத்துக்கு 27 பற்கள், பல்லின் கோணம் 60 பாகை, பி.எஸ்.பி. மரையில் 28 பற்கள், கோணம் 55 பாகை. ஒன்றுக்குள் மற்றது இரண்டு மூன்று சுற்று நன்றாகவே போய்ப் பிறகு இறுகிவிடும். சரியாக இறுகிவிட்டது என்று மகிழ்ந்தால், சூடேறியதும் புகை கசியும், அல்லது குலுக்கலில் பிற்றிங்கே கழன்று விழும். ஆகவே ரப்பின் தண்டில் பொறித்திருப்பதைப் படித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் பிற்றிங்கை ரப்பின் பற்களோடு பக்கமாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். பற்கள் முழு நீளத்துக்கும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் இடையில் வெளிச்சம் தெரியும்.

முதலில் சென்டர் பஞ்சால் குறியிட்டு, 3 மில்லிமீற்றர் பிற்றால் வழித்துளை போட்டு, 6 மில்லிமீற்றருக்கு அகட்டி, இறுதியாக 8.6 அல்லது 8.7 மில்லிமீற்றர் பிற்றால் முடிக்க வேண்டும். அங்குலக் கணக்கில் இது 11/32. டிறிலின் வேகம் குறைவாகவும் அழுத்தம் சீராகவும் இருக்க வேண்டும். துளை சுவருக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் புரோப் சாய்ந்து நின்று எதிர்ச் சுவரைத் தொடும். ரப்பை அரைச்சுற்று முன்னே திருகினால் கால்சுற்றுப் பின்னே திருப்பித் துருவலை முறிக்க வேண்டும். இந்த மரை கூம்பு வடிவானது; ரப்பை அளவுக்கு மேல் உள்ளே இறக்கினால் துளை பெருத்து, பிற்றிங் இறுகாமலே உள்ளே போய்விடும். அதனால் இடையிடையே ரப்பை எடுத்துவிட்டுப் பிற்றிங்கைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். கையால் மூன்று நான்கு சுற்றுப் போய் நின்றால் போதும். மிச்சத்தை ஸ்பானர் பார்த்துக்கொள்ளும்.

மரையில் வெள்ளை ரேப் சுற்றுவது தண்ணீர்க் குழாய்க்கே உரிய பழக்கம். அந்த ரேப் 260 பாகையைத் தாண்டியதும் கெடத் தொடங்கும். இங்கே அதற்கு வேலையில்லை. அதற்குப் பதிலாக நிக்கல் அல்லது செம்பு கலந்த, இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசையை மரையில் மட்டும் சிறிதளவு பூச வேண்டும். புரோப்பின் நுனியில் அது படக்கூடாது.

நுனி புகையோட்டத்தின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். உள்விட்டம் 45 மில்லிமீற்றர் என்றால், உட்சுவரிலிருந்து ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் உள்ளே வர வேண்டும்; சுவரின் தடிப்பையும் பிற்றிங்கின் உயரத்தையும் கூட்டி, மொத்த நீளத்தைப் புரோப்பில் சோக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டி நின்றால் குறைத்துக் காட்டும். பிற்றிங்கின் உள்ளே இருக்கும் சிறு வளையம் ஒருமுறை நெரிந்து புரோப்பைக் கவ்விவிட்டால் பிறகு அதை நகர்த்த முடியாது. ஆகையால் குறித்த அளவு பிற்றிங்கின் வாயோடு பொருந்துகிறதா என்று இரண்டாம் முறையும் பார்த்துவிட்டே மேல் நட்டை இறுக்க வேண்டும்.

வயர் வேலை

புரோப்பிலிருந்து மீற்றர் வரை செல்லும் வயர் முழுவதும் கே வகைக் கம்பியாகவே இருக்க வேண்டும். நீளம் போதவில்லை என்று எஞ்சின் அறைக்குள் சாதாரணச் செம்பு வயரால் முடிச்சுப் போட்டால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கலாம். முடிச்சு விழுந்த இடம் 80 பாகையிலும் மீற்றர் 30 பாகையிலும் இருந்தால், மீற்றர் தன் இருப்பிடத்து 30 பாகையை மட்டுமே கணக்கில் கூட்டிக்கொள்ளும். முள் உண்மையை விட 50 பாகை குறைவாக நிற்கும். எஞ்சின் அறை சூடேறச் சூடேற இந்தப் பொய்யும் வளரும். வயர் நீளமாக இருந்தால் வெட்டாமல் சுருட்டி, ஒல்டனேற்றருக்கும் ஸ்டாட்டர் வயருக்கும் தூரமாகக் கட்டி வைப்பதே முறை.

நேர், எதிர் முனைகளை நிறத்தை நம்பித் தீர்மானிக்கும்போது கவனம் வேண்டும். அமெரிக்க முறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. பற்றரி வயரில் சிவப்பை நேர்முனையாகவே பார்த்துப் பழகிய கை இங்கே ஏமாறும். சர்வதேச முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. நிறம் மங்கியிருந்தால் காந்தத்தைப் பிடித்துப் பார்க்கலாம். காந்தத்தில் ஒட்டும் கம்பி எதிர்முனை. ஓரிடத்தில் மாறிப் பூட்டினால், புரோப்பைச் சூடாக்கும்போது முள் கீழே இறங்கும், உடனே தெரிந்துவிடும். இரண்டு இணைப்புகளிலும் மாறிப் பூட்டியிருந்தால் முள் ஒழுங்காக ஏறுவது போலவே தோன்றும், ஆனால் எண் பிழையாக இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

மனிபோல்டுக்கு அருகிலுள்ள பகுதியைக் கண்ணாடி நார் உறைக்குள் விட்டு, தகரத்தைக் கடக்கும் இடத்தில் றப்பர் வளையம் போட்டு உள்ளே எடுக்க வேண்டும். மீற்றருக்கான மின்சாரத்தை, சாவி திருப்பினால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து 2 அல்லது 3 அம்பியர் பியூஸ் ஊடாக எடுத்து, ஏர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய சுத்தமான தகரத்தில் இறுக்கினால் போதும்.

முதல் ஓட்டமும் அதன் பின்னரும்

எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பிற்றிங்கைச் சுற்றிப் புகை கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சீற்றுக்கு அடியில் எஞ்சின் உள்ள வான்களில் கசியும் புகை நேரே ஆட்கள் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். அதில் கலந்துள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும் வலு உண்டு. ஒருமுறை நன்றாகச் சூடேறி முற்றாக ஆறிய பின் பிற்றிங்கை மீண்டும் இறுக்க வேண்டும். அதன் பின்னரும் ஓரத்தில் கரி படிந்தால் மரை சரியில்லை என்று பொருள். மேலும் மேலும் இறுக்குவது வார்ப்பை வெடிக்க வைக்கும்.

டர்போவுக்கு முன்னால் பொருத்திய புரோப், ஐடிலில் 100 முதல் 200 பாகை வரையும், பாரத்தோடு சமதரையில் சீராக ஓடும்போது 350 முதல் 500 பாகை வரையும் காட்டுவது வழமை. 650 பாகையைத் தாண்டினால் சாரதி கவனிக்க வேண்டும். 700 பாகையில் நீண்ட நேரம் ஓடவிடக் கூடாது. உற்பத்தியாளர் வேறு எல்லை கொடுத்திருந்தால் அதுவே இறுதி. முள் ஏறும்போது அக்சிலேற்றரைத் தளர்த்துவதோடு, ஒரு கியர் கீழே இறக்குவதும் பலன் தரும். உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிட்டு இழுப்பதே சூட்டை வேகமாக ஏற்றும். வழமையான பாரத்துக்கும் வேகத்துக்கும் முள் முன்னரை விட உயர்ந்து நின்றால், முதலில் ஏர் பில்டரைக் கழற்றித் தட்டிப் பார்க்கலாம். செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் வாகனங்களில் பெரும்பாலும் குற்றவாளி அதுவே. பிறகு டர்போவிலிருந்து காற்று வரும் ஹோஸ்களில் வெடிப்பு, அதன் பின் இன்ஜெக்டர், பம்ப் எரிபொருளைப் பாய்ச்சும் நேரம் என்று தேட வேண்டும்.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தும் வழக்கம் ஏ9 வீதியில் எல்லோருக்கும் உண்டு. விரட்டி வந்த வேகத்தில் ஓரமாக நிறுத்தி உடனே சாவியைத் திருப்பினால், டர்போவின் பேரிங்குக்கு ஒயில் வருவது நின்று, அங்கே தேங்கிய ஒயில் கருகிப் படியும். முள் 200 பாகைக்குக் கீழே இறங்கும் வரை, அதாவது பெரும்பாலும் ஓரிரு நிமிடம், எஞ்சினை ஐடிலில் விட்டுவிட்டு இறங்கினால் போதும். கச்சான் வாங்குபவர் ஒருவரை முதலில் அனுப்பிவிட்டு சாரதி சீற்றிலேயே இருக்கலாம்.

ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் புரோப்பைக் கழற்றி நுனியைப் பார்ப்பது நல்லது. உறையில் வெடிப்போ அரிப்போ தெரிந்தால் அது உடைந்து டர்போவுக்குள் போவதற்கு முன் மாற்றிவிட வேண்டும். புதிய புரோப் வந்து சேரும் வரை வாகனம் நிற்க வேண்டியதில்லை; அதே அரைக்கால் அங்குல என்.பி.ரி. மரையுள்ள உருக்கு அடைப்பு ஒன்றைப் பசை பூசி அந்தத் துளையில் இறுக்கிவிட்டு ஓடலாம். வேலை நடக்கும்போதே அப்படியொன்றைச் சேர்த்து வாங்கி, ஸ்பானர் பெட்டிக்குள் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.